முப்பத்தொரு ரிசீவர்கள்

வில்ஃப் பென்னா ஒரு நாவல் எழுதினான். அதை நான் எரித்தேன்.

இப்படி ஆரம்பித்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியில் இருபத்திரண்டு வருஷம் நான் அவிழ்த்துவிட்ட புளுகுகள் அப்படி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் தரையில் ஒரு துளை உண்டு. உள்ளே பாதாளக் குகை. வெயில் மாறும்போது அது மூச்சு விடும். பக்கத்தில் துணி காயப்போட்டால் பாவாடை பலூனாகும். அந்தத் துளையில் என் தேக்கரண்டி விழுந்துவிட்டதாகவும், நாற்பது மைல் தள்ளி இன்னொரு துளை அதை மூச்சோடு வெளியே துப்பியதாகவும், கண்டெடுத்தவன் அதைக் கழுவித் துடைத்து சரக்கு ரயிலில் திருப்பி அனுப்பியதாகவும் சொன்னவள் நான். துளை மூச்சு விடுவது நிஜம். தேக்கரண்டி என் சரக்கு. ஆனால் இங்கே எழுதப்போவதில் அந்தத் தேக்கரண்டி அளவுகூட நான் எதையும் சேர்க்கவில்லை.

நாங்கள் இருந்த இடம் நெஸ்பிட். ஆறு வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, தகரக் கூரை போட்ட ஒரு ஸ்டேஷன் அறை. மரம் கிடையாது. தண்டவாளம் மட்டும் கிழக்கிலும் மேற்கிலும் கோடு கிழித்த மாதிரி போகும். என் கணவர் ஹெக்டர் தண்டவாளம் பழுதுபார்க்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஸ்டேஷன் மாஸ்டர், போர்ட்டர், விளக்கு துடைப்பவன் எல்லாமே வில்ஃப்தான். கல்யாணம் ஆகாதவன். பக்கத்து வீடு. எங்கள் கதவுக்கும் அவன் கதவுக்கும் முப்பது அடி.

அவன் எழுதியது விண்வெளிக் கதைகள். சிட்னியில் ஒரு மாதப் பத்திரிகை அவனுடைய இரண்டு சிறுகதைகளை வாங்கிப் போட்டது. ஆனால் அந்தப் பத்திரிகையில் யார் எழுதினாலும் ஒரே பெயரில்தான் அச்சிடுவார்கள். அந்தப் பெயர் பத்திரிகைக்குச் சொந்தம். அட்டையில் யாரோ ஒரு மேஜர். வில்ஃப் அதைக் கொண்டுவந்து காட்டியபோது நான் கேட்டேன், "மேஜரா? உன்னை எப்ப பட்டாளத்துல எடுத்தாங்க?" அவன் அந்த இதழை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு எந்த இதழையும் யாரிடமும் காட்டவில்லை.

கதைக்கு விஷயம் தேடி அவன் எங்கேயும் போகவில்லை. எங்களையே எடுத்துக்கொண்டான். வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை, மளிகை ரயில் வரும். ஒரு பெட்டியில் மாவும் சர்க்கரையும், ஒரு பெட்டியில் கசாப்புக்கடை. பெண்கள் அன்றைக்கு உதட்டுச் சாயம் பூசிக்கொள்வோம், ஆட்டிறைச்சி வாங்க. ரயிலின் விளக்கு அடிவானத்தில் தெரிந்த பிறகு அது வந்து சேர்வதற்குள் ஸ்கோன் ரொட்டிக்கு மாவு பிசைந்து, வேகவைத்து, ஆறவும் வைத்துவிடலாம். அவன் நாவலில் மரமில்லாத ஒரு கிரகம், ஆறு குடில்கள், ஏழு நாளைக்கு ஒருமுறை வரும் ஒரு கப்பல். தரையில் துளைகள், துளைகளுக்கு மூச்சு. ஒரு வாரம் கப்பலின் விளக்கு தெரிகிறது, ஆனால் நெருங்கவே மாட்டேன் என்கிறது. வருமா, வராதா? அதுதான் கதை. நட்சத்திரங்களிடம் பொய் சொல்லும் ஒரு பெண்ணும் அதில் உண்டு. என் தேக்கரண்டியை அவள் கையில் பார்த்த அன்று எனக்குப் பெருமையில் தூக்கம் வரவில்லை. அவனிடம் சொல்லவில்லை. சொல்ல முடியாது.

ஏன் என்றால், எனக்கு அது எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும்.

நானூறு மைல் தூரத்துக்கு எல்லா நிறுத்தங்களுக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி. ஸ்டேஷன் அறைகளில் ஒன்று, மேஸ்திரி வீடுகளில் ஒன்று என்று சுவரில் மாட்டியிருப்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் மணி அடிக்கும் விதம் தனி. எங்களுக்கு இரண்டு நீளம், ஒரு குட்டை. அடுத்தவருக்கு அடித்த மணிக்கு ரிசீவரை எடுக்கக் கூடாது என்பது ரயில்வே விதி. எல்லோரும் எடுப்போம். எடுத்துக் கேட்டதை ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்பது எங்கள் விதி. ஒருத்தி தன் தங்கைக்குக் குழந்தை பிறந்ததை லைனில் சொல்லி அழுதிருப்பாள். மறுநாள் நேரில் பார்க்கும்போது அவளாகச் சொல்லும்வரை முகத்தில் ஒரு சுருக்கம்கூடக் காட்டாமல் நின்று, பிறகு புதிதாக ஆச்சரியப்படுவோம். அதுதான் மரியாதை. அந்த மரியாதை இல்லையென்றால் ஒரே கம்பியில் நானூறு மைல் தூரத்து ஜனங்கள் குடித்தனம் நடத்த முடியாது.

ஞாயிறு மூன்று மணிக்கு ரயில் ஏதும் கிடையாது. லைன் சோதனை என்ற பெயரில் வில்ஃப், இருநூறு மைல் கிழக்கே டார்வெல் நிறுத்தத்தில் இருந்த அவன் நண்பன் நெவ் பட்ஜைக் கூப்பிடுவான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களைப் படித்துக் காட்ட வேண்டும். இவன் அதற்குப் பதிலாக நாவலைப் படித்தான். நெவ் நடுநடுவே "சரி, மேல" என்பான். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடக்கும் தனிப்பட்ட விஷயம் அது, சட்டப்படி. ஆனால் மூன்று மணி அடிக்கும்போது லைன் முழுவதும் க்ளிக், க்ளிக் என்று கொக்கியிலிருந்து ரிசீவர்கள் எழும். ஒருமுறை நான் எண்ணினேன். முப்பத்தொன்று.

அந்தக் கம்பியில் எத்தனை பேர் எடுக்கிறார்களோ அத்தனைக்கு சத்தம் குறையும். கம்பிக்குள் ஓடும் சக்தி ஒன்றுதானே, ஆளுக்குக் கொஞ்சம் குடித்துவிடுவோம். வில்ஃபின் கதையில் விறுவிறுப்பு ஏற ஏற நெவின் "சரி, மேல" கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் தேயும். வில்ஃப் அதை வைத்துத்தான் தன் கதையை எடை போட்டுக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வேறு எதை வைத்துப் போடுவான்? அட்டையில் மேஜர் பெயர். நேரில் பார்க்கும் நாங்களோ வாயைத் திறக்க மாட்டோம். திறந்தாலும் நான் என்ன சொல்வேன்? "ஞாயித்துக்கிழமை நீ கத்தற கத்தல் சுவர் வழியா வந்து என் கோழிங்க முட்டை போட மாட்டேங்குது." இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும்.

ஐம்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில் நாவல் கடைசிப் பகுதிக்கு வந்தது. அந்த வியாழக்கிழமை மளிகை ரயிலில் வில்ஃப் பழுப்புத் தாளும் சணல் நூலும் வாங்கினான். யாருக்குப் பரிசு அனுப்பப்போகிறாய், பெண் யாராவது மாட்டினாளா என்று சீண்டினேன். சிட்னியில் புத்தகமே போடுகிற ஒருவர் கையெழுத்துப் பிரதியை அனுப்பச் சொல்லி எழுதியிருப்பதாகவும், அட்டையில் அவனுடைய சொந்தப் பெயரையே போடுவதாகச் சொல்லியிருப்பதாகவும் சொன்னான். சொல்லும்போது காது சிவந்திருந்தது.

"அப்ப அனுப்ப வேண்டியதுதானே?"

"ஞாயித்துக்கிழமை தெரிஞ்சிடும், டல்சி. அனுப்பலாமா, அடுப்புல போடலாமான்னு."

"ஞாயித்துக்கிழமை யாரு வந்து சொல்லப்போறா உனக்கு?"

"யாரும் வர வேண்டாம்," என்றான்.

எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கசாப்புப் பெட்டி முன்னால் வரிசை நகர்ந்துவிட்டது. நான் போய்விட்டேன்.

சனிக்கிழமை டார்வெலிலிருந்து நெவ் எங்கள் மணியை அடித்தான். அவன் நிறுத்தத்தில் ஆர்விட்ஸ் என்று ஒரு லாட்வியாக்காரன், தண்டவாளத் தொழிலாளி, முப்பது வயசு. யுத்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்தவன். வரும்போது ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. முழுக்க வில்ஃபின் கதையைக் கேட்டே பாஷையைக் கற்றுக்கொண்டான். அதனால் அவன் பேச்சே தனி. கசாப்புக்காரரிடம் போய், "கலத்தின் தலைவரே, எமது குடியேற்றத்துக்கு இரண்டு பவுண்டு ஆட்டிறைச்சி அவசரமாகத் தேவைப்படுகிறது" என்பான். கசாப்புக்காரரும் முகம் மாறாமல் வெட்டிக் கொடுப்பார். அவன் இந்த இங்கிலீஷை எங்கே பிடித்தான் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. வில்ஃப் அவனைப் பார்த்ததே இல்லை.

ஆர்விட்ஸுக்கு ஒரு வாரமாக நெஞ்சில் சளி கட்டி மூச்சு திணறல். அபூர்வமாகப் பெய்த மழையில் விமானத் தளம் சேறாகிவிட்டதால் விமானத்தில் வரும் டாக்டர் இறங்க முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் கிழக்கே போகும் எக்ஸ்பிரஸை நிறுத்தி போர்ட் அகஸ்டா ஆஸ்பத்திரிக்கு ஏற்றப்போகிறார்கள்.

"ஒரே கேள்விதான் கேக்கறான், டல்சி," என்றான் நெவ். "கப்பல் வந்துதா இல்லியான்னு. போன ஞாயிறு கடைசிப் பத்து நிமிஷம் வெறும் காத்துதான் வந்துது. நாளைக்கு முடிவு. எல்லாரும்..."

அதோடு நிறுத்திக்கொண்டான். அதற்கு மேல் போனால் எங்கள் விதியை உடைத்ததாகும். நான் உடைக்க விடவில்லை. "நான் பாத்துக்கறேன், நெவ்," என்றேன்.

வில்ஃப் சரக்கு ரயிலுக்குக் கொடி காட்ட வெளியே போன அரைமணியில் நாலு வீட்டு மணியை அடித்தேன். முதலில் எடுத்தவள் முரட்டுப் பெண்பிள்ளை, ஓனா பிக்கெட்.

"ஓனா, நாளைக்கு மூணு மணிக்கு உங்க ரிசீவர் கொக்கியிலயே இருக்கும்ல?"

"எங்க ரிசீவர் என்னைக்கும் கொக்கியிலதான் இருக்கு."

"தெரியுமே. நாளைக்கு இன்னும் கெட்டியா இருக்கட்டும். டார்வெல்ல ஒரு பையன் உடம்பு சரியில்லாம இருக்கான்."

 "அவனுக்கு நல்லாக் கேக்கட்டும்," என்றாள்.

நாலு பேருக்குத்தான் சொன்னேன். மற்ற இருபத்தேழு பேரும் அப்போதே லைனில் இருந்தார்கள்.

வில்ஃபிடம் சொல்லியிருக்கலாம். முப்பது அடி. ஆனால் சொல்ல வேண்டுமானால் நாங்கள் எல்லோரும் மூன்று வருஷமாகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். அந்த முதல் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. ஒரு நோயாளி முடிவுக்காகக் காத்திருக்கிறான் என்று தெரிந்தால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு, மறைப்பானேன். ஊருக்கெல்லாம் தெரிந்து அவனுக்கு மட்டும் தெரியாமல் ஒரு காரியம் நடத்துவதில் எனக்கு ஒரு குஷி.

ஞாயிறு மூன்று மணி. பின்னல் ஊசியோடு டெலிபோன் முன்னால் உட்கார்ந்தேன். ஹெக்டர் என் எதிரில் உட்கார்ந்து என்னைக் காவல் காத்தார். ஜன்னல் வழியாக ஸ்டேஷன் அறை தெரிந்தது. வில்ஃபின் உதடு அசைகிறது. சத்தம் கேட்கவில்லை. என் கோழிகளைப் பற்றி நான் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று பாருங்கள்.

இருபது நிமிஷம் போல வாசித்திருப்பான். அப்புறம் நிறுத்தினான். ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான், திரும்ப வைத்தான். என்னமோ கேட்டான். கேட்டது இதுதான் என்று நெவ் பிறகு சொன்னான்: "நெவ், இருக்கியா?" நெவ் ஒரு கையால் ரிசீவரை ஆர்விட்ஸின் காதில் பிடித்துக்கொண்டிருந்தான்; கேள்வியை ஆர்விட்ஸ்தான் முணுமுணுத்துச் சொன்னான். வாயைக் குழலில் வைத்து, "இருக்கேன், மேல," என்றான். பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலக் கேட்டிருக்கும். வில்ஃப் தாளைப் புரட்டினான். அதற்குப் பிறகு அவன் தலை நிமிரவில்லை. வழக்கமாக முக்கால் மணி வாசிப்பவன் அன்றைக்கு அரைமணியில் ரிசீவரை மாட்டினான். மாட்டிவிட்டு உட்கார்ந்தே இருந்தான். எழுதி முடித்த களைப்பு என்று நினைத்தேன்.

திங்கள் துணியை அண்டாவில் கொதிக்கவைத்துத் துவைக்கும் நாள். எங்கள் சமவெளியில் விறகு கிடையாது. பழைய தண்டவாளக் கட்டைதான் எரியும், அதைப் பற்றவைக்க நிறையக் காகிதம் வேண்டும். வில்ஃப் ஆபீஸில் தீர்ந்துபோன படிவங்களை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பான். கதையையும் அந்தப் படிவங்களின் முதுகில்தான் எழுதுவான்; அடித்துத் திருத்திய பக்கங்களும் அதோடு வரும். அன்றைக்கு பீச் பழ டப்பாக்கள் வந்த அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்து அண்டாப் பக்கத்தில் வைத்தான்.

"இனிமேலாவது என் கோழிங்க முட்டை போடும்," என்றேன்.

"போடும்," என்றான்.

ஒரு பிடி எடுத்துத் திணித்தேன். இன்னொரு பிடி. நாலு படுக்கை விரிப்பு, ஹெக்டரின் சட்டைகள், எல்லாம் நன்றாகக் கொதித்தன. அவன் கையெழுத்து கண்ணில் படத்தான் செய்தது. முதல் பக்கமா கடைசிப் பக்கமா என்று திருப்பிப் பார்க்கவில்லை. மழைக்குப் பிறகு வந்த முதல் வெயில். எனக்குத் துணி காய வேண்டும்.

வியாழக்கிழமை அவன் பங்கு இறைச்சியை வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். பழுப்புத் தாளைச் சமையல் அலமாரியில் விரித்து அதன்மேல் டப்பாக்களை அடுக்கியிருந்தான். அனுப்பவில்லையா என்றேன். "அனுப்ப ஒண்ணும் இல்ல," என்றான்.  கையில் ஈர இறைச்சிப் பொட்டலத்தோடு நின்றேன். சுவரில் மாவுக் கம்பெனி காலண்டர். ஒவ்வொரு ஞாயிறு கட்டத்திலும் பென்சிலில் ஒரு வார்த்தை. 'மங்கல்.' 'மங்கல்.' 'ரொம்ப மங்கல்.' கடைசிக்கு முந்தின ஞாயிறில், 'நெவ் கேக்கவே இல்ல. பிரமாதம்.' கடைசி ஞாயிறில், 'தெளிவு.'

அவ்வளவுதான். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது: தெளிவு என்றால் ஒருவரும் எடுத்துக் கேட்கவில்லை என்று அவனுக்கு அர்த்தம். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு விஷயம் சேர்ந்து தடுத்தது. நீ தப்பாகப் புரிந்துகொண்டாய் என்று சொன்னால், அடுத்த வாயில் அதை நான்தான் எரித்தேன் என்றும் சொல்ல வேண்டும். ஒன்று தெரியாமலிருந்தால் மற்றதும் வலிக்காது என்று நினைத்தேன். "இறைச்சியை இன்னைக்கே சமைச்சிடு, வில்ஃப், நாளைக்கு வாடை வந்துடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன சின்னஞ்சிறு வாக்கியங்களில் அதைவிடப் பெரிய பொய் இல்லை.

ஆர்விட்ஸ் புதன்கிழமையே ஆஸ்பத்திரியில் இறந்துபோனான் என்று நெவ் சொன்னான். முடிவு என்ன என்று நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவனுக்கும் தெரியாது, ரிசீவர் ஆர்விட்ஸின் காதில்தானே இருந்தது, அவன் தலையசைத்தால் நெவ் "மேல" என்பான், அவ்வளவுதான். ரயிலில் ஏற்றும்போது ஆர்விட்ஸ் நெவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அது முறையாக நிறைவேறியது, தலைவரே," என்றானாம். சிரித்த முகமாகச் சொன்னானாம். கப்பல் வந்ததா வராததா என்பது அதில் இல்லை.

அக்டோபரில் ருஷ்யாக்காரர்கள் வானத்தில் எதையோ சுற்ற விட்டார்கள். பொழுது சாயும் நேரம் எல்லோரும் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒரு சின்னப் புள்ளி, அவசரமில்லாமல் போயிற்று. வில்ஃப் சட்டைப்பையில் கையை விட்டுக்கொண்டு பார்த்தான். "இனிமே உனக்குத்தான் காலம், வில்ஃப்," என்றார் ஹெக்டர். வில்ஃப் சிரித்துவிட்டு விளக்கு துடைக்கப் போனான். ஞாயிறு மூன்று மணிக்கு அவன் எண்களைப் படித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. முதல் சில வாரங்கள் அதையும் எல்லோரும் எடுத்துக் கேட்டோம், ஏதாவது வருமா என்று. நெவின் குரல் அப்போது நன்றாகவே தேய்ந்திருக்கும். ஆனால் எண்களுக்குக் காலண்டரில் யார் குறிப்பு எழுதுவார்கள்?

அவன் அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. முப்பது வருஷம்.

எண்பத்தேழில் நானும் அவனும் போர்ட் அகஸ்டாவில் இருந்தோம், ஓய்வூதியக்காரர்களாக. ஹெக்டர் இல்லை. நெவ் இல்லை. ஓனா எங்கே என்றே தெரியாது. வளைகுடாத் தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. காலையில் அவன் அங்கே உட்கார்ந்து ரொட்டித் துணுக்குகளைக் கடல்பறவைகளுக்குப் போடுவான். ஒருநாள் சொல்லிவிட்டேன். ஆர்விட்ஸில் ஆரம்பித்து அண்டா வரைக்கும், ஒன்றையும் விடாமல். கசாப்புக்காரரிடம் இறைச்சி கேட்ட விதத்தையும் சொன்னேன். 

அவன் பையிலிருந்த துணுக்குகளை மொத்தமும் பறவைகளுக்குப் போட்டு முடித்தான்.

"எத்தனை ரிசீவர்ன்னு சொன்ன?"

"முப்பத்தொண்ணு."

"கொறைச்சுச் சொல்லிட்டியே. வழக்கமா இருநூறுலதானே ஆரம்பிப்ப?"

"வில்ஃப், முப்பத்தொண்ணு. நானே எண்ணினேன்."

"லாட்வியாக்காரன் 'கலத்தின் தலைவரே'ன்னு சொல்லி ஆட்டிறைச்சி வாங்கினான்." அவனுக்குத் தோள் குலுங்கியது. "தேக்கரண்டிய விட இது நல்லா வந்திருக்கு, டல்சி."

நான் சத்தியம் செய்தேன். ஹெக்டரின் பேரில் செய்தேன். அவன் என் கையைத் தட்டிக்கொடுத்தான், கோபமே இல்லாமல். என் மனசு நோகக் கூடாது என்பது போலத் தட்டினான். ஒரு கிழவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கட்டிக்கொண்டுவந்த கதை என்று முடிவு செய்துவிட்டான்.

"சரி, இதையாவது சொல்லு," என்றேன். "கப்பல் வந்துதா?"

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு.

"மறந்துடுச்சு," என்றான். பிறகு பையை உதறி மடித்து, எழுந்திருக்க என் தோளில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னான்: "எழுதியிருக்க வேண்டியவ நீதான், டல்சி. யாரு வேணாலும் உக்காந்து கேப்பாங்க."